மகாவலிக் கரையில் ஒரு நாள் தூண்டில்: இருவராகப் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

கம்பளையிலிருந்து பேராதனை வரை மகாவலி ஓடும் பகுதி ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை மாதிரி இருக்கும். ஒரு துறையில் துணி துவைப்பார்கள். அடுத்ததில் ஓட்டோ கழுவுவார்கள். கொஞ்சம் தள்ளி மணல் அள்ளுவார்கள். இதற்கு நடுவில் பையன்கள் பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கூட்டத்துக்குள் மீன் பிடிக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் நீர்த்தேக்கத்தில் பழகிய வழக்கத்தை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவந்தால் முடியாது.

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மச்சானோடு இறங்கி வருகிறவன். புதிதாக வருகிறவர்கள் பலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தூண்டில் முள் தண்ணீரில் விழுந்த பிறகு என்ன செய்வது என்பதை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் கோட்டை விடுகிறார்கள். அதனால் இதில் பாதிக்கு மேல் முள் நனைவதற்கு முந்திய வேலைதான்.

1. துணைக்கு யார், அவருக்கு என்ன வேலை

முதலில் இதை முடிவு செய்யுங்கள். சாமான் வாங்குவதெல்லாம் அப்புறம்.

ஆற்றில் துணை என்பது பேச்சுத்துணை இல்லை. தூண்டில் போடுகிறவன் நூலில் மிதக்கிற தக்கையைத்தான் பார்ப்பான். கண்ணை அதிலிருந்து எடுக்கவே மாட்டான், அதுதான் அவன் வேலை. ஆனால் மகாவலியில் ஆபத்து வருவது மேற்பக்கமிருந்து. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மலையில் பெய்த மழை வந்து சேரும். கொத்மலை மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்து முடித்த நீரும் கம்பளைக்கு மேலேதான் ஆற்றில் கலக்கிறது. அது கூடுவதும் குறைவதும் உங்கள் வானத்தைப் பார்த்து நடப்பதில்லை.

ஆகவே எங்கள் விதி இது: தண்ணீரில் ஒரு தூண்டில், மேற்பக்கம் ஒரு ஜோடிக் கண். அரை மணிக்கு ஒரு தரம் மாறிக்கொள்வோம். “இரண்டு கம்பு போட்டால் இரண்டு மடங்கு மீன்தானே அண்ணே?” என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். இரண்டு கம்பு போட்ட நாட்களில் எனக்குக் கிடைத்தது இரண்டு மடங்கு சிக்கல்தான்.

துணைக்கு வருகிறவருக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவர், வந்து குடிக்கிறவர் இருவருமே வேண்டாம். போனில் பாட்டுப் போடுகிறவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே ஒரு நாள் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

2. நாளும் நேரமும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும். அந்த மாதங்களில் ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடினால் பஸ் காசை வீணாக்காதீர்கள். கலங்கிய நீரில் மீனுக்கு இரை தெரியாது, உங்களுக்கு நிலம் தெரியாது. சனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வேளை நன்றாக இருக்கும், பிற்பகலில் இடி வரும். இடி கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறுங்கள். பன்னிரண்டு அடிக் கம்பைத் தூக்கிக்கொண்டு திறந்த ஆற்றில் நிற்கிறவன்தான் அங்கே உயரமான பொருள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுதான் கிடைக்கும். மற்றவர்களுக்கும் அதுதான் குளிக்கும் நாள். அதனால் ஆற்றை இரண்டு வேளையாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: விடிந்ததிலிருந்து எட்டரை வரை ஒன்று, மாலை நான்கிலிருந்து ஐந்தே முக்கால் வரை இன்னொன்று. இடையில் ஆறு மற்றவர்களுடையது. மீனும் வெயிலேறினால் ஆழத்துக்குப் போய்விடும், ஆகையால் நட்டம் ஒன்றுமில்லை.

போயா (பௌர்ணமி) நாளில் போகாதீர்கள். விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போகிறவர்கள் கரையோரமாக நடக்கிற நாளில், அவர்கள் கண் முன்னால் மீனைத் துடிக்க விடுவது சரியில்லை. விகாரைத் துறையில் சனம் பொரி போட்டு வளர்க்கும் மீன்களுக்கு எந்த நாளிலும் தூண்டில் போடக் கூடாது. பெரிய மீன் கையெட்டும் தூரத்தில் நிற்கிறதே என்று ஆசைப்பட்டு அடி வாங்கப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

3. என்ன மீனுக்குப் போகிறோம்

இது தெரியாமல் முள் வாங்க முடியாது. கம்பளைப் பகுதியில் புதியவர் கைக்கு வருவது பெரும்பாலும் திலாப்பியா. 1950களில் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் இது, இன்று குளிரில்லாத பெரும்பாலான நீரில் இருக்கிறது. குளிர் இதற்கு ஆகாது. அதனால்தான் நுவரெலியா உயரத்து ஓடைகளை விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறிக் கீழே வருகிறோம். அடுத்தது கெண்டை வகைகள். அந்தி நேரத்தில் விலாங்கும் மீசை மீனும் வரலாம்.

பாறை இடுக்குகளில் சின்னச் சின்ன வண்ண மீன்களும் இருக்கும். இவற்றில் சில இந்தத் தீவில் மட்டும் வாழ்பவை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பெயர் தெரியாத அழகான சிறு மீன் எது வந்தாலும் திரும்ப விட்டுவிடுங்கள்.

வெடி, நஞ்சு பற்றி வழிகாட்டி எழுத வேண்டிய தேவை இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் இரண்டையும் தடை செய்திருக்கிறது. அணை, மதகு, மின்நிலைய வாய் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள். நீர்த்தேக்கம் ஒன்றுக்குப் போவதானால் அங்குள்ள மீனவர் சங்கத்தில் முதலில் கேளுங்கள்.

4. சாமான்கள்

கம்பு. சுருள் (ரீல்) வைத்த கம்பை வீட்டில் விடுங்கள். அது எறிந்து பிடிக்கிற கருவி, சனம் நிறைந்த ஆற்றில் எறிவதற்கு இடமில்லை. பத்து முதல் பன்னிரண்டு அடி மூங்கில் போதும். மெல்லியதாக வெட்டி, நிழலில் மூன்று கிழமை தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால் நேராகக் காயும். நூல் கம்பின் நீளம்தான், அதற்கு மேல் ஒரு முழம் கூட வேண்டாம். அப்போதுதான் முள் எங்கே இருக்கிறது என்று எந்த நேரமும் தெரியும்.

தங்கூஸ் (நைலோன்) நூல். 0.25 மில்லிமீற்றர் திலாப்பியாவுக்குப் போதும், கெண்டை வரும் இடமென்றால் 0.30. தடித்த நூல் நல்லது என்று 0.50 வாங்குவார்கள். தடித்த நூலை ஓட்டம் இழுக்கும், தக்கை நிற்காது.

நூலைக் கம்பின் நுனியில் மட்டும் கட்டாதீர்கள். நுனியிலிருந்து இரண்டு அடி கீழே முதலில் ஒரு கட்டு, அங்கிருந்து கம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போய் நுனியில் இன்னொரு கட்டு. மூங்கிலின் நுனி ஒருநாள் ஒடியும். அன்று மீன் இருந்தால் அது போகாது.

முள். 8 அல்லது 10ஆம் இலக்கம். முள்ளின் இலக்கம் கூடக் கூட அளவு சிறிதாகும். இது தெரியாமல் கடையில் “சின்னதா, ஒன்றாம் நம்பர் தாங்க” என்று கேட்டு, சுறாவுக்குப் போடுகிற மாதிரி ஒன்றை வாங்கி வந்த பையனை நாங்கள் இன்றும் ஒன்றாம் நம்பர் என்றுதான் கூப்பிடுகிறோம். திலாப்பியாவின் வாய் சிறிது. பெரிய முள்ளில் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும்.

தக்கை. தேய்ந்த றப்பர் செருப்பிலிருந்து சுண்டுவிரல் தடிப்பில் ஒரு துண்டு. ரெஜிபோமும் மிதக்கும், ஆனால் உடைந்து ஆற்றோடு போகும். ஈயத்துக்கு டயர் கடைக்காரர் கழற்றிப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கித் தட்டிக்கொள்ளலாம்.

இவற்றோடு பெரிய வெங்காயம் வருகிற சிவப்பு வலைப் பை ஒன்று, சிறு கத்தி, மூக்குக் குறடு, மாற்றுடுப்பு, போனைச் சுற்ற பொலித்தீன் பை. பதினைந்து மீற்றர் கயிறும், மூடி இறுக்கிய வெறும் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேனும் கட்டாயம். கேனைக் கயிற்றின் நுனியில் கட்டி வைத்துவிட்டால், விழுந்தவருக்குக் கரையிலிருந்தே எறியலாம். காப்பாற்றப் பின்னால் குதித்துத்தான் பலர் உயிரை விடுகிறார்கள்.

சாப்பாடு உங்கள் விருப்பம். நாங்கள் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், ஃபிளாஸ்கில் பிளேன்டீயும் கொண்டுபோவோம். கட்டச்சம்பல் தொட்ட கையைக் கழுவாமல் இரையைத் தொடாதீர்கள்.

5. இரை: முதல் நாள் இரவு வேலை

மண்புழு லயத்துக் கோடியில், கழுவுநீர் ஓடும் ஈரத்தில் கிடைக்கும். தோண்டிய மண்ணோடு சேர்த்தே தகர டப்பாவில் போடுங்கள். மூடியில் ஓட்டை இடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் விடிவதற்குள் செத்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது புழு தாராளம்.

மா இரைக்குக் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் மாசித்தூள் சேருங்கள். அப்புறம் ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துப் போட்டுத் திரும்பவும் பிசையுங்கள். பஞ்சு இல்லாத மா ஓட்டத்தில் அரை நிமிடத்தில் கரைந்துவிடும், நீங்கள் வெறும் முள்ளை வைத்துக்கொண்டு தவம் இருப்பீர்கள். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்தப் பதம் வர வேண்டும்.

மூன்றாவது, தூவல், அதாவது மீனைக் கூட்டுவதற்கு ஆற்றில் போடுகிற தீனி. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சம அளவு, ஒரு சுண்டு போதும். இதை ஆற்றங்கரையில்தான் நனைக்க வேண்டும். இரவே நனைத்தால் புளித்துவிடும்.

6. கட்டும் முடிச்சும்

இதையும் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். விடியற்காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

நூல் நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியை நீள நூலின் மேல் ஐந்து தடவை சுற்றுங்கள். முள்ளின் கண்ணை ஒட்டி ஒரு சிறு வளையம் இருக்கும், நுனியைத் திருப்பி அதற்குள் விடுங்கள். இப்போது பெரிய வளையம் ஒன்று உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் தங்கூஸ் பலவீனப்படும். கண்ணுக்குத் தெரியாது, பெரிய மீன் வந்த அன்றைக்குத்தான் தெரியும்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயம். அதற்கு மேலே தக்கை, ஏற்றி இறக்குகிற மாதிரி. வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தக்கையின் தலை ஒரு விரல் நகமளவு மட்டும் வெளியே தெரிய வேண்டும். பாதித் தக்கை மிதந்தால் ஈயம் போதவில்லை. மீன் இழுக்கும்போது கனம் உறைத்து இரையைத் துப்பிவிடும்.

7. இடம் பிடிப்பது

ஆற்றங்கரைக்கு வந்தவுடன் கம்பைப் பிரிக்காதீர்கள். முதலில் இருவரும் கரையோரமாக மேலும் கீழும் ஒரு நடை நடந்து வாருங்கள். பத்து நிமிடம் போதும். ஏற்கெனவே வந்து போன இடமென்றாலும் நடக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் வந்து போன பிறகு பழைய பழக்கத்தை நம்பி கால் வைக்க முடியாது.

துறைகளை எண்ணிக்கொள்ளுங்கள். குளிக்கிற துறைக்கு மேற்பக்கம் உட்காரக் கூடாது. ஓட்டம் உங்கள் முள்ளை அவர்களிடம் கொண்டுபோகும். கீழ்ப்பக்கம், ஐம்பது அறுபது அடி தள்ளி உட்காருங்கள். இதில் இன்னொரு இலாபம் இருக்கிறது. காலையில் சோற்றுப் பானையும் தட்டும் கழுவுகிற துறைக்குக் கீழே திலாப்பியா கூட்டமாக வந்து நிற்கும், அதுகளுக்கு நேரம் தெரியும். துறையைப் பார்த்தபடி உட்காராதீர்கள், மேற்பக்கம் பார்க்கிற துணையின் கண் ஆற்று நீரில் மட்டும் இருக்கட்டும். பெண்கள் குளிக்க வருகிற இடம், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஒருவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். “மாளு இன்னவாத?” (மீன் இருக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டு போவார்கள். இருக்கிறதோ இல்லையோ, சிரித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதே கரைக்குத்தான் வரப்போகிறீர்கள்.

வாகனம் கழுவும் துறைக்குக் கீழே போக வேண்டாம். எண்ணெய் படிந்த நீரில் பிடித்த மீனைச் சட்டியில் போட்டதும் தெரிந்துவிடும்.

மணல் அள்ளிய இடத்தில் திடீர்ப் பள்ளங்கள் இருக்கும். கெண்டை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் கரையிலிருந்து எட்டினால் மட்டும் போடுங்கள், இறங்கிப் போகாதீர்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடி தலைக்கு மேல்.

நல்ல இடத்துக்கு என் அடையாளம்: ஓட்டமும் தேக்கமும் சந்திக்கிற கோடு. பெரிய பாறைக்குக் கீழ்ப்பக்கம், வளைவின் உள்பக்கம், சாய்ந்த மூங்கில் புதரின் நிழல். ஓட்டம் இரையைக் கொண்டுவந்து தரும், தேக்கத்தில் மீன் சிரமமில்லாமல் நிற்கும். மேலே கம்பு தூக்க இடமிருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். கிளை இருந்தால் முதல் மீன் மரத்தில் தொங்கும். மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். மீன் அதைக் கண்டு ஓடும். பக்கவாட்டில் வெயில் படுகிற மாதிரி உட்காருங்கள்.

8. நீர்மட்டக் குச்சி

இடம் பிடித்ததும் செய்கிற முதல் வேலை இதுதான். ஒரு முழக் குச்சியை நீர் விளிம்பில் குத்தி, நீர் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் துணை அதைப் பார்க்க வேண்டும். கீறலுக்கு மேலே ஒரு விரல் நீர் ஏறினால் சாமானைக் கட்டுங்கள். இரண்டு விரல் என்றால் சாமானை விட்டுவிட்டு ஏறுங்கள்.

குச்சிக்கு முன்னால் வேறு சிலதும் சொல்லும். தெளிந்த நீரில் திடீரென்று சருகும் நுரையும் மிதந்து வரும். ஆற்றின் சத்தம் தடிக்கும். பாறையில் காய்ந்திருந்த கோடு நனையும்.

இந்தக் குச்சியை நாங்கள் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு பெப்ரவரி மாதம், வானத்தில் ஒரு மேகம் இல்லை. கணுக்கால் நீரில் நடந்து நடுப்பாறைக்குப் போய் உட்கார்ந்தோம். மீன் நன்றாகக் கடித்தது, இருவருமே தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான்தான் முதலில் சொன்னான்: “மச்சான், நம்ம செருப்பு எங்கடா?” பாறையின் அடியில் கழற்றி வைத்த செருப்பு இரண்டு சோடியும் போயிருந்தது. திரும்பும்போது தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. கையைக் கோத்துக்கொண்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே கால் தேய்த்துத் தேய்த்து வந்தோம். வாளியும் ஒரு கம்பும் அங்கேயே போயின. அதற்குப் பிறகு நடுப்பாறை எங்களுக்கு இல்லை, மீன் அங்கே கும்மியடித்தாலும் இல்லை.

போனில் இரண்டு இலக்கங்கள் இருக்கட்டும்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

9. ஆழம் பார்த்தல், தூவுதல்

இரை இல்லாமல் முதலில் ஆழம் பாருங்கள். முள்ளில் கொஞ்சம் கூடுதல் ஈயத்தைச் செருகி இறக்கினால், தக்கை அமிழ்ந்தால் ஆழம் கூட, படுத்தால் குறைவு. தக்கையை ஏற்றி இறக்கி, தலை சரியாக நீர் மட்டத்தில் வரும்வரை பாருங்கள். அப்புறம் கூடுதல் ஈயத்தைக் கழற்றி, தக்கையை அரைச் சாண் கீழே இறக்குங்கள். இப்போது இரை நிலத்துக்கு அரைச் சாண் மேலே தொங்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆழம் பார்க்காமல் போட்டு, முள் கல்லில் சிக்கி, ஒரு மணிக்குள் நாலு முள் இழப்பார்கள்.

தவிட்டையும் புண்ணாக்கையும் கரைச் சேற்றோடு பிசைந்து தேசிக்காய் அளவில் உருட்டுங்கள். உங்கள் இடத்துக்குக் கொஞ்சம் மேற்பக்கமாக இரண்டு உருண்டை போடுங்கள். ஓட்டம் அதைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் போட்டால் மீனுக்கு வயிறு நிறைந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒன்று போதும்.

10. போடுதல், தக்கையை வாசித்தல்

புழுவை முழுதாகக் கோர்க்க வேண்டாம். பாதியை முள்ளில் ஏற்றி, மீதி ஒரு விரற்கடை ஆடுகிற மாதிரி விடுங்கள். முள் நுனி மட்டும் துளி வெளியே. மா என்றால் கடலையளவு.

எறியாதீர்கள். ஈயத்தை இடது கையில் பிடித்து, கம்பை வளைத்து, கையை விடுங்கள். ஊஞ்சல் மாதிரி போய் சத்தமில்லாமல் இறங்கும். போடுவதற்கு முன் பின்னால் யாராவது நடக்கிறார்களா என்று துணை பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரே வார்த்தை: “சரி”. அது வராமல் கம்பு அசையாது.

தக்கை ஓட்டத்தோடு கொஞ்சம் போகும், போக விடுங்கள். கம்பு நீளத்துக்குப் போனதும் எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

இனி, தக்கை என்ன சொல்கிறது. விடாமல் டக் டக் என்று துள்ளினால் குஞ்சுகள் புழுவைக் கொத்துகின்றன. இழுக்காதீர்கள், மாவுக்கு மாறுங்கள். இரண்டு நடுக்கம், பிறகு சரிந்து பக்கமாக ஓடினால் திலாப்பியா. தக்கை அமிழாமல் மேலே எழும்பிப் படுத்துவிட்டால் கெண்டை, கீழிருந்து இரையைத் தூக்கியதால் ஈயத்தின் கனம் போய்விட்டது. பலர் இதைக் கடியென்றே நினைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெதுவாக, கோபமில்லாமல், ஒரே பக்கம் இழுபட்டுக்கொண்டே போனால் விலாங்காக இருக்கலாம்.

தக்கை ஓடும் திசைக்கு எதிராக மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு. தோளிலிருந்து இழுத்தால் மீனின் வாய் கிழியும், இல்லையென்றால் முள் பறந்து பின்னால் நிற்கிறவரின் காதுக்கு வரும்.

11. கரைக்கு எடுப்பதும் முள் கழற்றுவதும்

கையளவு மீனைத் தூக்கி எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அதை ஓட விடுங்கள். மூங்கில் வளைந்து கொடுக்கும், களைப்பது மீன்தான். துணை கீழ்ப்பக்கமாகப் போய்க் குனிந்து காத்திருக்கட்டும். மேல்பக்கம் நின்றால் ஓட்டம் மீனை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். திலாப்பியாவின் முதுகு முட்களைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகத் தடவி மடக்கிப் பிடியுங்கள். மீசை உள்ள மீன் எதையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் பக்கச் செட்டையில் முள் இருக்கும், ஹுங்கா என்கிற மீசை மீன் குத்தினால் விஷம். துணியால் அழுத்தி, குறடால் கழற்றுங்கள். குத்திவிட்டால் கை தாங்குகிற அளவு சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வையுங்கள், வலி இறங்கும். பிளேன்டீ ஃபிளாஸ்கோடு இன்னொரு ஃபிளாஸ்க் வெந்நீர் நான் கொண்டுபோவது இதற்காகத்தான். பிறகு ஆஸ்பத்திரி.

தூண்டில் முள் விரலுக்குள் கொக்கியோடு இறங்கிவிட்டால் பிடுங்காதீர்கள். நூலை வெட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று கேட்பார்கள். காலில் புண்ணோடு ஆற்றில் இறங்கி, சில நாளில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சல் நினைவிருக்கட்டும். ஆற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

12. பிடித்ததை வைத்திருப்பது

வாளித் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் அரை மணியில் செத்து மிதக்கும், அந்த மீன் மாலைக்குள் நாறும். வெங்காயப் பையில் போட்டு, வாயைக் கட்டி, நிழலான ஓட்டத்தில் அமிழ்த்தி, கயிற்றைக் கல்லில் கட்டுங்கள். உள்ளங்கையை விடச் சிறிய திலாப்பியாவைப் பிடித்த கையோடு விட்டுவிடுங்கள், முள்ளும் தலையும்தான் மிஞ்சும்.

எட்டரைக்குக் காலை வேளையை முடிக்கும்போது பையில் இருப்பதைக் கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடித்து, ஈர வாழையிலையில் சுற்றுங்கள். நாள் முழுக்க இருப்பதானால் கம்பளைக் கடைகளில் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். செதிலும் குடலும் துறையில் போட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் புதைக்கலாம்.

13. கிளம்பும்போது

முள்ளை எண்ணுங்கள். கொண்டுவந்தது எத்தனை, இருப்பது எத்தனை, ஆற்றில் போனது எத்தனை. கணக்கு இடித்தால் கரையில் தேடுங்கள். அடுத்த நாள் அதே மணலில் செருப்பில்லாமல் நடக்கப்போவது ஒரு சின்னப் பிள்ளை. வெட்டிய தங்கூஸ் துண்டுகளையும் பொறுக்குங்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் கழற்ற ஆளில்லை.

ஆறு மணிக்கு மேல் நிற்காதீர்கள். இருட்டில் குச்சியின் கீறல் தெரியாது.

14. வீட்டில்

திலாப்பியாவின் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை உப்புத் தேய்த்துச் சுரண்டி எடுங்கள். அப்புறம் தேசிக்காயும் மஞ்சளும் பூசிக் கால் மணி வைத்துக் கழுவினால் சேற்று மணம் பெரும்பாலும் போய்விடும். பொரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் குறுக்கே கீறிவிடுங்கள், சிறு முள்ளும் மொறுமொறுக்கும்.

தூண்டிலை அப்படியே மூலையில் சாத்தாதீர்கள். நூலின் கடைசி ஒரு அடியை விரலால் உருவிப் பாருங்கள், கல்லில் உரசிய இடம் சொரசொரக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு இன்றைக்கே புது முடிச்சுப் போடுங்கள். கம்பைத் துடைத்து, நுனி கீழே வருகிற மாதிரித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள்.